வடசென்னையில் எங்கே சாப்பிடுவது: செயின் ஓட்டலா, தெருக் கடையா?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கல்யாணத் துணி எடுக்க, பாரிமுனையில் மொத்த விலைக்குச் சரக்கு வாங்க, ராயபுரத்தில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு என்று வெளியூரிலிருந்து வடசென்னைக்கு வருகிறவர்கள் ஏராளம். சென்ட்ரலில் இறங்கியதும் சாப்பாட்டுப் பேச்சு வந்துவிடும். பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஓட்டலுக்குப் போவதா, அந்தத் தெருவுக்கென்று இருக்கும் கடைக்குப் போவதா? பெரும்பாலோர் யோசிக்காமல் தெரிந்த போர்டைப் பார்த்து நுழைந்துவிடுகிறார்கள். காலைக்கு அது சரி. மதியத்துக்கும் ராத்திரிக்கும் அதையே செய்தால், வந்த ஊரைப் பார்க்காமலே திரும்புகிறோம் என்பது என் கருத்து.

காலைக்கு ஏன் செயின் ஓட்டல்? ராத்திரி ரயிலில் வந்து இறங்கியவருக்கு முதலில் வேண்டியது சுத்தமான கழிவறை. அதிலும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இட்லி அப்புறம்தான். பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார இடம், முகம் கழுவத் தண்ணீர், சுவரில் எழுதிய விலை, குழந்தைக்குக் காரமில்லாத பொங்கல் எல்லாம் அங்கே உறுதியாகக் கிடைக்கும். பில்லில் 5 சதவீதம் ஜிஎஸ்டி சேரும். இத்தனை வசதிக்கு அது அதிகமில்லை.

இந்த ஓட்டல்களை அந்நியமாகவும் நினைக்க வேண்டாம். அடையாறு ஆனந்த பவன் குடும்பம் அடையாறுக்குப் போவதற்கு முன்பே வண்ணாரப்பேட்டையில் கடை வைத்திருந்தது. ஆனால் கிளைகள் பெருகியதும் எந்த ஓட்டலுக்கும் ஒரு கட்டாயம் வந்துவிடுகிறது: திருச்சியில் ஊற்றும் சாம்பாரும் தண்டையார்ப்பேட்டையில் ஊற்றும் சாம்பாரும் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்காகப் பொது சமையற்கூடம், அளந்து கலந்த மசாலா, வேனில் வரும் மாவு. வாடிக்கையாளருக்கு ஏமாற்றம் இல்லை. ஆனால் கடை எந்த ஊரில் இருக்கிறது என்பது தட்டில் தெரியாது.

வடசென்னையில் அது பெரிய இழப்பு. இங்கே வந்து சேர்ந்த ஒவ்வொரு கூட்டமும் தன் அடுப்பைக் கூடவே கொண்டுவந்தது. சௌகார்பேட்டையில் மார்வாடிகளும் குஜராத்திகளும். மண்ணடியில் முஸ்லிம் வணிகர்கள். காசிமேட்டில் எப்போதும் இருக்கும் மீனவர்கள். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபோது கையில் கிடைத்ததோடு கப்பலேறி வந்த தமிழர்கள். அவர்கள் கொண்டுவந்ததுதான் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ்.

பீச் ஸ்டேஷனுக்கு எதிர்ப்பக்கம், பர்மா பஜாரை ஒட்டிய செகண்ட் லைன் பீச் ரோட்டில் சாயங்காலம் போய் நின்று பாருங்கள். கிண்ணத்தில் தடித்த மஞ்சள் நூடுல்ஸ் விழும். மேலே பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், பேஜோ என்கிற மொறுமொறுப்பான பொரித்த பண்டத்தை நொறுக்கியது, உப்பு, மிளகாய்த்தூள். ஒரு கரண்டி பூண்டு எண்ணெய், ஒரு கரண்டி புளித்தண்ணீர். பிறகு கடைக்காரர் கையாலேயே பிசைவார். அந்த வேகத்தைப் பார்ப்பதற்கே நிற்கலாம். பக்கத்தில் கொதிக்கிற வாழைத்தண்டு சூப் ஒரு கிண்ணம் வரும். முட்டை மசாலா கேட்டால், அவித்த முட்டையைக் கீறி, நடுவே பொரித்த வெங்காயத்தைத் திணித்து, புளித்தண்ணீரும் பூண்டு எண்ணெயும் விட்டுக் கொடுப்பார்கள். அதை ஒரே வாயில் போட்டுக்கொள்வதுதான் அங்கே வழக்கம். எந்த செயின் ஓட்டலும் இதோடு போட்டியிட முடியாது. அவர்கள் மெனுவில் பர்மா நூடுல்ஸ் வந்தாலும், ஒவ்வொருவருக்கும் புளியையும் காரத்தையும் கேட்டுக் கேட்டுப் பிசைகிற கை வராது.

இரண்டு பக்கமும் கிடைக்கிற பண்டத்தை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். நெய்ப் பொடி இட்லி எல்லா செயின் ஓட்டலிலும் உண்டு. என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் உள்ள சீனா பாய் டிபன் சென்டரில் இட்லியும் ஊத்தப்பமும்தான் பிரதானம். அதற்காகவே கூட்டம் நிற்கிறது. இரண்டு பண்டத்தை மட்டும் வருஷக்கணக்காகச் செய்கிற கைக்கும், எண்பது பண்டத்தில் ஒன்றாக அதைச் செய்கிற கைக்கும் உள்ள தூரம் முதல் வாயிலேயே தெரியும். அங்கிருந்து நடந்தால் மின்ட் ஸ்ட்ரீட். காக்கடா ராம்பிரசாத் கடையில் ஜிலேபி சூடாக வாங்குங்கள். ஆறியதை வாங்க இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை.

பிரியாணிக்கும் இதே கதைதான், ஆனால் நேரம் பார்க்க வேண்டும். புளியந்தோப்பு, வியாசர்பாடி பக்கத்துக் கடைகளில் மதியம் அண்டா திறந்ததும் போக வேண்டும். காலியானால் காலிதான். ராத்திரி பத்து மணிக்குப் பசித்தால் செயின் ஓட்டல் பிரியாணி கைகொடுக்கும். இந்தப் பகுதியில் பீஃப் பிரியாணி சகஜம், அருமையாகவும் இருக்கும். சாப்பிடாதவர்கள் என்ன கறி என்று முதலிலேயே கேட்டுவிடலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா என்ற பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயம் போர்டைப் பார்த்து வரக் கூடாது, பண்டத்தைப் பார்த்து வர வேண்டும். கிருமி பெருகுவது சுமார் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில். கண்ணெதிரே கல்லில் வெந்து நேராகத் தட்டுக்கு வருவதில் ஆபத்து குறைவு. காலையில் அரைத்து மத்தியானம் வரை வெளியே இருந்த தேங்காய்ச் சட்னி ஏசி ஓட்டலிலும் ஆபத்துதான். அத்தோவில் பச்சை முட்டைக்கோஸும் வெங்காயமும் சேர்வதால், வயிறு ஏற்கெனவே சரியில்லாதவர்கள் சூப்போடும் முட்டையோடும் நிறுத்திக்கொள்ளலாம். பொரிக்கும் எண்ணெய் கறுத்துக் குழம்பாக இருந்தால் நகர்ந்துவிடுங்கள். திரும்பத் திரும்பச் சுட்ட எண்ணெயில், எண்ணெய் கெடக் கெடச் சேருகிற போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே வரம்பு வைத்திருக்கிறது. நம் கையில் மீட்டர் இல்லை, நிறமும் நாற்றமும் போதும். குடிக்கத் தண்ணீர் பாட்டில் கையோடு இருக்கட்டும்.

மீனுக்குத் தனியாக ஒரு கணக்கு. காசிமேடு பக்கம் கல்லில் மசாலா தடவி வறுக்கிற சங்கராவுக்கும் நெத்திலிக்கும் ஈடு கிடையாது, ஆனால் வருஷம் முழுக்க இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகு கடலுக்குப் போகாது. சிறு படகுகள் கொண்டுவருவது கொஞ்சம், விலையும் ஏறும், ஐஸில் வைத்து வெளியிலிருந்து வந்த மீனும் நிறைய புழங்கும். அந்த இரண்டு மாதமும் வறுப்பதற்கு முன் மீனைக் காட்டச் சொல்லிச் செவுளைப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் வாங்குங்கள், வெளுத்திருந்தால் அன்றைக்கு பிரியாணிக்குப் போய்விடலாம். துண்டு என்ன விலை என்பதையும் கல்லில் போடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே நாள்தான் இருக்கிறது என்றால் நான் சொல்வது இது: காலை டிபன் சென்ட்ரல் பக்கம் ஏதாவது செயின் ஓட்டலில். மதியம் பிரியாணி, அல்லது தடைக்காலம் இல்லையென்றால் மீன். துணிக்கடையில் வாங்கிய மூட்டைகளை லாட்ஜில் போட்டுவிட்டு, வண்ணாரப்பேட்டையிலிருந்து மெட்ரோவில் மண்ணடி வந்து இறங்கினால் அத்தோ வண்டிகள் நடக்கிற தூரம்தான். கூட வரும் பெரியவருக்கு நின்று சாப்பிட முடியாது என்றால் அவரைப் பக்கத்து ஓட்டலில் உட்கார வைத்துக் காபி வாங்கிக் கொடுங்கள், அத்தோவை அவருக்குப் பார்சல் கட்டிக்கொள்ளலாம். புளித்தண்ணீரைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள், ஊறிப்போகாமல் இருக்கும்.