உத்யம் சான்றிதழுக்கு 2,500 ரூபாய் கொடுத்தேன், அது இலவசம் என்று தெரியாமல்

மதுரை வில்லாபுரத்தில் வீட்டின் முன்பக்கத்திலேயே இட்லி, தோசை மாவு அரைத்து விற்கிறேன். ஒன்பது வருடமாக இதுதான் எங்கள் பிழைப்பு. கணக்கு எழுதத் தெரியும், சரக்கு பார்த்து வாங்கத் தெரியும். அப்படியும் போன தை மாதம் தொடங்கி ஆடி வரைக்கும் ஒரு ‘லோன் கன்சல்டன்ட்’டிடம் 47,500 ரூபாய் ஏமாந்திருக்கிறேன். ஒரு கிலோ பாக்கெட்டில் எனக்கு நிற்பது எட்டு ரூபாய். கிட்டத்தட்ட ஆறாயிரம் பாக்கெட் மாவின் லாபம் அது. என்னைப் போலச் சின்னத் தொழில் செய்கிற யாராவது இன்னொரு ஆளிடம் இதேபோல் காசை நீட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும் என்றுதான் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது பத்து லிட்டர் கிரைண்டர்கள் இரண்டு. உளுந்து அரைபடும்போது கல் சூடேறிவிட்டால் மாவு பொங்காது. ஐஸ் தண்ணீர் தெளித்துத் தெளித்து, பக்கத்திலேயே நின்று வழித்துவிட வேண்டும். காலை நாலு மணிக்கு ஆரம்பித்தால் பத்து மணி வரை நகர முடியாது. நாற்பது லிட்டர் டில்டிங் கிரைண்டர், பாக்கெட் ஒட்டும் மெஷின், ஒரு பெரிய கூலர் எல்லாவற்றுக்கும் கோயம்புத்தூரிலிருந்து கொட்டேஷன் வாங்கினேன். ஆறு லட்சம் வந்தது.

முதலில் நான் போனது எங்கள் கணக்கு இருக்கிற வங்கிக் கிளைக்குத்தான். கொட்டேஷனைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. “வீட்டுப் பத்திரம் இருக்காம்மா? இல்லைன்னா கஷ்டம்” என்றார்கள், திரும்பி வந்தேன். இந்த ஒரு வரிதான் என்னை அந்த ஆளிடம் கொண்டுபோய் விட்டது. குறு, சிறு தொழிலுக்கு 10 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி எப்போதோ சொல்லியிருக்கிறது. விண்ணப்பத்தை வாங்கினால் ஒப்புகை தர வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இதெல்லாம் எனக்கு அன்றைக்குத் தெரியாது. வாயால் சொல்லி அனுப்பிவிட்டால் நம் கையில் எந்த ஆதாரமும் இருக்காது. அதனால் விண்ணப்பத்தைக் கொடுத்து, தேதி போட்ட ஒப்புகை வாங்காமல் வங்கியை விட்டு வெளியே வராதீர்கள்.

அந்த வாரமே பேப்பருக்குள் ஒரு நோட்டீஸ் வந்தது. ‘35% மானியத்துடன் முத்ரா லோன், பத்திரம் தேவையில்லை.’ பைபாஸ் ரோட்டுப் பக்கம் மாடியில் அலுவலகம். ஏசி, கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு பெண் பிள்ளைகள், சுவரில் அரசு முத்திரை போட்ட போஸ்டர்கள். அந்தத் தம்பிக்கு முப்பது வயது இருக்கும். “அக்கா, உங்கள மாதிரி உழைக்கிறவங்களுக்குத்தான் இந்தத் திட்டமே. நீங்க அலைய வேண்டாம், ஃபைலை நான் மூவ் பண்றேன்” என்று கனிவாகப் பேசினான். கிளையில் நின்றுகொண்டே பேசி அனுப்பப்பட்டு வந்தவளுக்கு நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தால் மனசு இளகத்தான் செய்யும்.

அந்த நோட்டீஸின் முதல் வரியே பொய். முத்ராவில் மானியம் கிடையவே கிடையாது. 2015-ல் ஆரம்பித்த அந்தத் திட்டத்தில் கிடைப்பது பிணையில்லாக் கடன் மட்டும். 50,000 வரை சிஷு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். தருண் கடனைச் சரியாகக் கட்டி முடித்தவர்களுக்கு 2024-லிருந்து 20 லட்சம் வரை. கடன் கொடுப்பது வங்கிகளும் நிதி நிறுவனங்களும்தான், இதற்கு ஏஜென்ட் என்று யாரையும் வைக்கவில்லை. ‘முத்ரா’, ‘மானியம்’ இரண்டையும் ஒரே வரியில் ஒருவர் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

நான் எழுந்து வரவில்லை. அவன் வாங்கிய கணக்கைச் சொல்கிறேன்.

உத்யம், அதாவது குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, அதற்கு 2,500. 2020 ஜூலையிலிருந்து இந்தப் பதிவு முழுக்க இலவசம். ஆதாரும் பான் கார்டும் இருந்தால் கைபேசியிலேயே முடித்துவிடலாம், எந்த ஆவணத்தையும் ஏற்ற வேண்டியதில்லை. தேடினால் அரசுத் தளம் மாதிரியே இருக்கிற தனியார் தளங்கள் முதலில் வந்து நிற்கும், பணம் கேட்கும். முகவரி ஜி.ஓ.வி. டாட் இன் என்று முடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு 4,500. என் அளவு விற்பனைக்கு அடிப்படைப் பதிவு போதும், நான் எடுத்தபோது அதற்கு அரசுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். அவன் ஒரு வருடத்துக்குத்தான் எடுத்திருந்தான்.

திட்ட அறிக்கைக்கு 7,000. இதைப் பிறகு பொறுமையாகப் படித்துப் பார்த்தேன். பதினான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் ‘பேக்கரி’ என்று இருந்தது. வேறு யாருக்கோ அடித்ததில் என் பெயரை மாற்றியிருக்கிறான். மாவுக் கடையின் மின் செலவு என்று அவன் போட்டிருந்தது ஓவனுக்கான கணக்கு.

அப்புறம் ‘மானிய ஃபைல் மூவ் பண்ண’ 15,000. கடைசியாக, ஆனி மாதம், வாட்ஸ்ஆப்பில் ஒரு கடன் ஒப்புதல் கடிதம் வந்தது. வங்கி லோகோ, சிங்க முத்திரை, ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் இருந்தது. கூடவே “கடனுக்கு இன்ஷூரன்ஸ் 18,500 கட்டினால் நாளைக்கே பணம் ஏறும்” என்று செய்தி. பணம் போட வேண்டிய கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில். இதைப் பார்த்ததும் எனக்கு உறுத்தியது. ஆனால் அதற்குள் 29,000 கொடுத்தாகிவிட்டது, இதையும் கட்டிவிட்டால் முடிந்துவிடும் என்று நினைத்தேன். இப்படி நினைக்க வைக்கத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்கிறார்கள். முதல் நாளே 47,500 கேட்டிருந்தால் நான் படியிறங்கியிருப்பேன். எந்த வங்கியும் கடன் கொடுப்பதற்காகத் தனி ஆளின் கணக்கில் பணம் போடச் சொல்லாது. கட்டணம் இருந்தால் நம் கணக்கிலேயே பிடிக்கும், பாஸ்புக்கில் தெரியும்.

மறுநாள் பணம் ஏறவில்லை. ஒரு வாரம் “சர்வர் டவுன்”, அடுத்து “மேனேஜர் லீவு”, அப்புறம் போனையே எடுக்கவில்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு அந்த வங்கிக்கே போனேன். அங்கிருந்த அதிகாரி அம்மா இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, “இந்த எண்ணில் எங்களிடம் கடனே இல்லையே மேடம். இதில் போட்டிருக்கிற கிளையும் இல்லை” என்றார். என் முகத்தைப் பார்த்துத் தண்ணீர் கொடுத்தார். அடுத்து அவர் கேட்டதுதான் முக்கியம்: “செக் ஏதாவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்களா?”

கொடுத்திருந்தேன். மூன்று வெற்றுக் காசோலை. அன்று மதியமே செக் புத்தகத்தின் முதல் பக்கத்தில் நான் குறித்து வைத்திருந்த எண்களைப் பார்த்து, என் கிளையில் ‘ஸ்டாப் பேமென்ட்’ எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு செக் கொடுக்கும்போதும் எண்ணைக் குறிக்கிற பழக்கம் என் அப்பா சொல்லிக்கொடுத்தது, அதுதான் என்னைக் காப்பாற்றியது. அந்தப் பக்கம் காலியாக இருந்திருந்தால் எந்தச் செக் என்று தேடுவதிலேயே நாள் போயிருக்கும். நீங்கள் எதையும் கொடுத்துவிட்டிருந்தால் முதலில் இதைச் செய்யுங்கள், புகார் அப்புறம்.

பணம் போனது ஒரு பக்கம். அவன் செய்து வைத்த வேறு இரண்டு காரியங்களைச் சரிசெய்ய இன்னும் அலைகிறேன்.

ஒன்று, உத்யம் சான்றிதழில் தொழில் வகை ‘டிரேடிங்’ என்று போட்டிருக்கிறான். நான் அரிசி வாங்கி, ஊறவைத்து, அரைத்து விற்கிறவள். அது தயாரிப்பு. வாங்கி விற்கிறவருக்கும் தயாரிப்பவருக்கும் இந்தப் பதிவில் கிடைப்பது ஒன்றல்ல. 2021-லிருந்து வியாபாரிகளும் பதியலாம் என்றாலும், அவர்களுக்கு அது வங்கிக் கடனில் முன்னுரிமை என்ற அளவோடு நின்றுவிடுகிறது. எனக்கு ஒரு விடுதி மெஸ்ஸிலிருந்து 38,000 ரூபாய் ஐந்து மாதமாக வர வேண்டியிருக்கிறது. 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறு, சிறு தயாரிப்பாளரிடம் சரக்கு எடுத்தவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். இணையத்தில் மனு போட்டால் அதை விசாரிக்க மன்றம் இருக்கிறது, மதுரையிலேயே ஒன்று இருக்கிறது. என் கையில் இருக்கிற சான்றிதழில் ‘டிரேடிங்’ என்று இருப்பதால் அந்தக் கதவு எனக்கு மூடியே இருக்கிறது. அதைத் திருத்த உள்ளே போகலாம் என்றால், பதிவில் கொடுத்திருக்கும் கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் அவனுடையவை. ஓடிபி அவனுக்குப் போகிறது.

இரண்டாவது, என் பான் கார்டையும் ஆதாரையும் வைத்து நாலு நிதி நிறுவனங்களில் எனக்குத் தெரியாமல் கடன் கேட்டிருக்கிறான். நாலும் நிராகரிப்பு. நம் கடன் வரலாற்றைக் காட்டுகிற சிபில் அறிக்கையை எடுத்தபோது நாலு விசாரணையும் வரிசையாக நின்றன, மதிப்பெண்ணும் இறங்கியிருந்தது. ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். யாரிடமாவது ஆவணம் கொடுத்திருந்தால் எடுத்துப் பாருங்கள்.

சைபர் குற்ற எண் 1930-க்கு நான் அழைத்தது பணம் போட்ட பதினோராம் நாள். “அன்றைக்கே கூப்பிட்டிருந்தால் அந்தக் கணக்கை முடக்கப் பார்த்திருக்கலாம்” என்றார்கள். வெட்கத்தில் வீட்டிலேயே சொல்லாமல் இருந்த பத்து நாள் அது. என் வீட்டுக்காரர் திட்டுவார் என்று பயந்தேன். அவர் திட்டவில்லை, லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு என்னோடு ஸ்டேஷனுக்கு வந்தார். புகார் வாங்கியதற்கான சி.எஸ்.ஆர். ரசீது போட்டு, அவனை அழைத்துப் பேசினார்கள். 12,000 திரும்பி வந்தது. மீதி 35,500 வரவில்லை.

ஸ்டேஷனில் ஒரு ஏட்டையாதான் சொன்னார், “ஏம்மா, டி.ஐ.சி. ஆபீஸுக்குப் போனீங்களா?” என்று. மாவட்டத் தொழில் மையம். அழகர்கோவில் ரோட்டில் இருக்கிறது. அந்த வழியாக எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன், நமக்கான இடம் என்று தோன்றியதே இல்லை. உள்ளே போய் என் கதையைச் சொன்னதும் அங்கிருந்த அலுவலர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதிக் காட்டினார்.

அவன் சொன்ன 35 சதவீதம் நிஜமாகவே ஒரு திட்டத்தில் இருக்கிறது. அதன் பெயர் வேறு. 2020-ல் வந்த, உணவு பதப்படுத்தும் குறு நிறுவனங்களுக்கான பிரதமர் திட்டம். பி.எம்.எஃப்.எம்.இ. என்பார்கள். ஏற்கெனவே நடக்கிற தொழிலுக்கும் உண்டு. நம் பங்கு குறைந்தது 10 சதவீதம், மானியம் 35 சதவீதம், உச்சவரம்பு 10 லட்சம். என் ஆறு லட்சத்துக்கு 2,10,000. ஆனால் அது கைக்கு வராது. கடன் கணக்கோடு சேர்த்து வங்கியிலேயே இருக்கும். மூன்று வருடம் தொழில் நடந்து, தவணையும் ஒழுங்காகப் போனால் கடனில் கழிப்பார்கள். “மானியம் ரொக்கமா கைக்கு வரும்னு எவன் சொன்னாலும் நம்பாதீங்கம்மா” என்றார் அலுவலர். இதற்கு விண்ணப்பம் தயாரிக்க, வங்கியோடு பேச, மாவட்டத்தில் ஆள் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் திட்டத்திலிருந்தே போகிறது, நம்மிடம் வாங்கக்கூடாது. நான் 7,000 கொடுத்த அறிக்கையை அங்கே ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து, “உளுந்து கிலோ என்ன விலைக்கா வாங்குறீங்க, ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் ஓடும்” என்று கேட்டுக் கேட்டு ஒன்றரை மணி நேரத்தில் போட்டுக் கொடுத்தார்.

பி.எம்.இ.ஜி.பி. என்று இன்னொரு திட்டத்தையும் ஏஜென்ட்டுகள் அடிக்கடி சொல்வார்கள். அது முக்கியமாகப் புதிதாகத் தொடங்குகிற தொழிலுக்கு. ஏற்கெனவே நடக்கிற தொழில் என்றால், இதே திட்டத்திலோ முத்ராவிலோ வாங்கிய கடனைச் சரியாகக் கட்டி முடித்தவர்களுக்குத்தான் விரிவாக்க இரண்டாவது கடன் உண்டு. அப்படி எதுவும் இல்லாமல் ஏற்கெனவே தொழில் செய்கிறவரிடம் “இதில் மானியம் வாங்கித் தருகிறேன்” என்றால் பொய்யாகத் தாள் தயாரிக்கப் போகிறான் என்று அர்த்தம், மாட்டுவது நாம்.

வங்கி இழுத்தடித்தால் மாவட்டத்துக்கு ஒரு முன்னோடி வங்கி மேலாளர் இருக்கிறார், அவரிடம் எழுதிக் கொடுக்கலாம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். நான் இரண்டும் செய்தேன். மனு எண்ணோடு கிளைக்குப் போனபோது அதே கவுண்டரில் உட்காரச் சொன்னார்கள், விண்ணப்பத்தை வாங்கி ஒப்புகையும் கொடுத்தார்கள். உத்யம் பதிவில் கைபேசி எண்ணை மாற்றத் தொழில் மையம் வழியாக மனு போயிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரித்தேன். உள்ளே ஒரு நோட்டீஸ், ‘35% மானியத்துடன் முத்ரா லோன், பத்திரம் தேவையில்லை.’ பெயர் புதிது, போன் நம்பர் புதிது. முகவரி இந்த முறை மாட்டுத்தாவணிப் பக்கம், மாடியில்.