பின் சக்கரத்துச் சத்தம்: பேரிங்கா, டயரா, டிரம்மா?

முன்சக்கர இயக்கமும் பின்னால் டிரம் பிரேக்கும் உள்ள சின்ன கார்களை ஐம்பது அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓட்டியவர்களுக்குப் பின் சக்கரத்துப் பக்கம் கேட்கும் இந்த உறுமல் பழக்கமானது. பட்டறையில் முதலில் வரும் பதில், "வீல் பேரிங் போச்சு சார்." பல வண்டிகளில் பேரிங், அதாவது சக்கரத்தை லேசாகச் சுழல வைக்கும் உருளைத் தொகுதி, நன்றாகவே இருக்கும். மாற்றி முடித்து வெளியே வந்தால் அதே சத்தம். பணம் செலவழிக்கும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் இதைத் தவிர்க்கலாம்.

முதலில் டிக்கியைக் காலி செய்யுங்கள். ஸ்டெப்னியைப் பிடிக்கும் திருகு தளர்ந்திருப்பது, ஜாக்கி தன் இடத்தில் இறுகாமல் ஆடுவது, பின் சீட் பெல்ட் பக்கிள் பிளாஸ்டிக்கில் மோதுவது எல்லாம் சக்கரத்திலிருந்து வருவது போலவே கேட்கும். சைலன்சரைத் தாங்கும் ரப்பர் அறுந்திருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள்.

அடுத்து காலியான, நேரான சாலை. 60 கி.மீ. வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றுங்கள், இன்ஜினை அணைக்க வேண்டாம். சத்தம் அப்படியே தொடர்ந்து, வேகம் குறையக் குறையத் தானும் குறைந்தால் அது சக்கரத்தோடு சுழலும் ஏதோ ஒன்று. பிறகு அதே வேகத்தில் மெதுவாக இடமும் வலமும் வளையுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலது சக்கரத்துக்குப் போகும். அப்போது சத்தம் ஏறினால் பெரும்பாலும் வலது பேரிங். திருப்பத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், புதுத் தார் ரோட்டில் அடங்கிக் கான்கிரீட் ரோட்டில் கூடினால் டயரைச் சந்தேகியுங்கள்.

பலரும் ஏமாறும் இடம் டயர்தான். சின்ன காரின் பின்பக்கம் எடை குறைவு. ஷாக் அப்சார்பர் தளர்ந்தால் சக்கரம் சாலையில் துள்ளித் துள்ளி உருளும். டயரின் பட்டன்கள், அதாவது சாலையில் படும் ரப்பர் கட்டிகள், ஒரே சீராகத் தேயாமல் ரம்பப் பல் போல ஆகிவிடும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. உள்ளங்கையை டயர் மேல் முன்னோக்கி ஒருமுறை, பின்னோக்கி ஒருமுறை தடவுங்கள்: ஒரு திசையில் வழுக்கும், மறு திசையில் விரலைப் பிடிக்கும். உள் ஓரத்தையும் தடவ மறக்காதீர்கள், தேய்மானம் அங்கேதான் ஒளிந்திருக்கும். உறுதி செய்ய முன் டயர்களைப் பின்னால், பின் டயர்களை முன்னால் அதே பக்கத்திலேயே மாற்றுங்கள். சத்தம் முன்னால் வந்துவிட்டால் விடை கிடைத்துவிட்டது. டயர்களை 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை இடம் மாற்றிவந்தால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும்.

டயர் நன்றாக இருந்தால் ஜாக்கி. சமதளத்தில், முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விடுவித்துப் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையையோ கையையோ வைக்கவே கூடாது. டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். டொக் என்று ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்ந்துவிட்டது. ஆட்டம் இல்லை என்பதற்காகத் தப்பித்ததாக நினைக்க வேண்டாம். ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மறு கை விரல்களை அந்தச் சக்கரத்தின் காயில் ஸ்பிரிங் (சுருள் வில்) மேல் வையுங்கள். நல்ல பேரிங் என்றால் விரலுக்கு எதுவும் தெரியாது. போன பேரிங் என்றால் ஸ்பிரிங் வழியே மணல் அரைபடுவது போன்ற நடுக்கம் ஏறும். காதை விட இந்த விரல் நம்பகமானது.

மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் அச்சு வரை இறங்கிய வண்டி என்றால் இந்தச் சோதனை கட்டாயம். பேரிங்கை மூடும் சீல் வழியாகப் புகுந்த தண்ணீர் கிரீஸைக் கெடுத்து, பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். சத்தம் சில மாதம் கழித்துத்தான் வெளியே வரும்.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை 'சர்க்' என்று உரசினால் டிரம்முக்குள், அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் உருளிக்குள், பாருங்கள். பிரேக் ஷூ மேல் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டையான லைனிங் 1 மி.மீ.க்கு வந்திருந்தால் இரு பக்கமும் ஷூ மாற்ற வேண்டும். ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பரை விலக்கினால் ஈரம் இருக்கிறதா, டிரம் ஓரத்தில் வரப்பு ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். உள்ளே இருக்கும் தூசியை ஊதவே ஊதாதீர்கள், பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள். மழை இரவு முழுக்க ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திய வண்டி காலையில் 'டக்' என்று விடுபட்டுச் சில மீட்டர் உரசுவது மேல்துரு மட்டுமே. இரண்டு மூன்று பிரேக்கில் போய்விடும்.

பேரிங்தான் என்று முடிவானால், போன பக்கத்தை மட்டும் மாற்றினால் போதும். ஷாக் அப்சார்பரைத்தான் ஜோடியாக மாற்ற வேண்டும். அழுத்திப் பொருத்தும் வகை பேரிங்கை ஹைட்ராலிக் பிரஸ்ஸில்தான் ஏற்ற வேண்டும். சுத்தியலால் தட்டினால் உருளைகள் ஓடும் தடத்தில் பள்ளம் விழும், புதுப் பேரிங் சில ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி உறுமும். ஏ.பி.எஸ். (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் வசதி) உள்ள பல வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்க சீலிலேயே காந்த வளையம் இருக்கும். திருப்பிப் போட்டால் டேஷ்போர்டில் ஏ.பி.எஸ். விளக்கு எரியும். சக்கர நடுவில் உள்ள ஹப் நட்டு ஓரத்தைத் தட்டி மடக்கிப் பூட்டும் வகை என்றால் புதிதுதான் போட வேண்டும், கையேட்டில் உள்ள அளவுக்கு, இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் இறுக்கச் சொல்லுங்கள். 100 கி.மீ. ஓடிய பிறகு வீல் நட்டுகளை இன்னொரு முறை சரிபாருங்கள்.