மூணு வருஷமா கடக்கரை மண்ணுல 4x4 ஜீப்: மணல் ஒண்ணும் பண்ணல, கருவேல முள்ளுதான்

சாயல்குடி மாப்ள ஒருத்தன் நான் வச்சிருக்குற இதே 4x4 ஜீப் மாடல் செகண்ட்ஸ்ல வருது எடுக்கலாமான்னு கேட்டான், போன்ல சொல்லி முடியல, அதான் எழுதிடுறேன். இன்ஜின், மைலேஜ் கதையெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். நான் ஐஸ் பெட்டி ஏத்திக்கிட்டு ஈசிஆர்ல இருந்து கருவேலங்காட்டுக்குள்ள பூந்து கரைவலை இழுக்குற எடத்துக்குப் போய்ட்டு வர்றேன்.

மணல்ல தங்கம். ரோட்டுல 32 பிஎஸ்ஐ இருக்குற டயர் காத்தை 18க்கு எறக்கிட்டா டயர் பரந்து மண்ணு மேல ஏறி நிக்கும், 4எல் (நாலு சக்கரமும் மெதுவா, பலமா இழுக்குற கியர்) போட்டு ஆக்சிலேட்டரை ஒரே சீரா மிதிச்சாப் போதும். விடியக்காலைல ஈரத்துல மண்ணு இறுகிக் கெடக்கும், அதே எடம் பன்னெண்டு மணிக்கு மாவு. ஒரே தடவதான் பொதைஞ்சது, நாலு பனமட்டைய சக்கரத்துக்கு அடியில குடுத்ததும் ஏறிருச்சு. 2017ல அரிச்சல்முனைக்கு ரோடு தொறக்குறதுக்கு முன்னாடி தனுஷ்கோடி வேன்காரங்க அலையடிக்குற ஆண்கடலுக்கும் (மன்னார் வளைகுடா) அமைதியான பெண்கடலுக்கும் (பாக் நீரிணை) நடுவுல மண்ணுல தெனம் ஓட்டுனாங்களே, அவங்க கை எப்பேர்ப்பட்ட கைன்னு இப்பத்தான் புரியுது.

கோவம் வர்றது சீமைக்கருவேலத்தாலதான். முள்ளு ஏறி நுனி ரப்பருக்குள்ளயே ஒடிஞ்சுரும், வெளிய ஒண்ணுமே தெரியாது, காலைல பாத்தா காத்து பாதி. சோப்புத்தண்ணி ஊத்தி டயரை உருட்டிக்கிட்டே பாத்தா ஒரு எடத்துல கடுகு கடுகா நுரை வரும், அங்க கொறடு வச்சு நோண்டுனா கறுத்த முனை ஒண்ணு வரும், அரை இஞ்சு கூட இருக்காது. நடுவுல ஏறுனா பஞ்சர் போட்டுரலாம், சைடுல ஏறுனா டயரையே தூக்கிப் போடணும், ரெண்டு போச்சு. முள்ளுக்கு வண்டி என்ன பண்ணும்னு நியாயம் பேசலாம், ஆனா காட்டுக்குன்னு விக்கிற வண்டிக்கு இவ்ளோ மெல்லிசா சைடு உள்ள டயரையா போட்டுக் குடுப்பாங்க?

போன வாரம் இன்னொண்ணு. ஆடிக் காத்துல கரைவலை இல்லாம வண்டி சும்மா நின்னுச்சு, 4வீல் லீவர் கெட்டியாப் புடிச்சுக்கிச்சு. சர்வீஸ்ல எல்லாத்தையும் எறக்கணும் 22,000ன்னாங்க. நம்ம பட்டறை அண்ணன் கீழ படுத்துப் பாத்துட்டு உப்புக்காத்துல ராடு துருப்புடிச்சிருக்குன்னு தட்டிக் கழட்டி கிரீஸ் வச்சு 900ல முடிச்சுட்டாரு. சும்மா நின்னாலும் மாசம் ஒரு தடவ மண்ணுல 4வீல் போட்டு எடுங்க, தார் ரோட்டுல மட்டும் போடாதீங்க, திருப்பத்துல முன்சக்கரமும் பின்சக்கரமும் வேற வேற தூரம் ஓடும், உள்ள முறுக்கிக்கும்னாரு.

மாப்ள, நீ எடுக்காத. உன் வீட்டு வழி பூரா முள்ளு, மாசச் சம்பளம் டயருக்கே போயிரும். என் வண்டியத் தருவியான்னும் கேக்காத, தர மாட்டேன். காலைல நாலரைக்கு ஐஸ் ஏத்தணும், பின் டயர்ல மறுபடி காத்து எறங்கிருக்கு, போய்ப் பாக்குறேன்.