விமான தூரம் பார்க்க கிரேட் சர்க்கிள் மேப்பர்: சென்னைப் பயணிகளுக்கு ஒரு மதிப்புரை

சென்னையிலிருந்து வெளிநாட்டு ஊர்களுக்கு வான்வழி தூரம் பார்க்க எத்தனையோ இணையதளங்கள் உண்டு. தூரத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடியது கிரேட் சர்க்கிள் மேப்பர். பார்க்கப் பழைய காலத்துத் தளம் மாதிரி இருக்கும், ஆனால் கணக்கு சுத்தம். ஊர் மையத்தை விட்டுவிட்டு, விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு அளக்கிறது.

பெட்டியில் சென்னை விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடான எம்ஏஏ (MAA), நடுவில் சிறு கோடு, பிறகு லண்டனின் ஹீத்ரோ விமான நிலையக் குறியீடான எல்எச்ஆர் (LHR) என்று தட்டினால் சென்னை–ஹீத்ரோ தூரம் வந்துவிடும். முதலில் மைலில்தான் காட்டும், சுமார் 5,100. அலகைக் கிலோமீட்டருக்கு மாற்றினால் சுமார் 8,230. குறியீட்டில் கவனம் தேவை: டிஆர்இசட் (TRZ) திருச்சி, டிஆர்வி (TRV) திருவனந்தபுரம்.

இதன் பெரிய பலம், இடையில் நிற்கும் ஊரையும் சேர்த்துப் போடலாம் என்பது. அதே சிறு கோடுகளோடு எம்ஏஏ-டிஎக்ஸ்பி-எல்எச்ஆர் (MAA-DXB-LHR) என்று துபாய் வழியாகப் போட்டால் மொத்தம் சுமார் 8,430 கி.மீ. நேர்வழியைவிட 200 கி.மீ.தான் கூடுதல், பறப்பதில் கால் மணி நேரம். துபாய் வழியில் பொழுது போவதெல்லாம் காத்திருப்பில்தான். அதனால் டிக்கெட் எடுக்கும்போது தூரத்தைப் பற்றிக் கவலைப்படாமல், அங்கே எத்தனை மணி நேரம் உட்கார வைக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

பயண நேரத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும். சில தளங்கள் தூரத்தை மணிக்கு 900 கி.மீ. என்று வகுத்து, லண்டனுக்கு ஒன்பது மணி சொச்சம் என்று சொல்லிவிடுகின்றன. உண்மையில் போக ஏறக்குறைய 11 மணி நேரம் ஆகிறது. மேற்கே போகும்போது எதிர்க்காற்று. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், ஹீத்ரோவுக்கு மேலே வட்டமடிப்பதும் அந்தக் கணக்கில் இல்லை. முக்கியமாக, வரைபடக் கோடு பாகிஸ்தான், ஈரான், காஸ்பியன் கடல், உக்ரைன் மேலாகப் போகிறது. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரி முதல் மூடியிருக்கிறது. விமானம் சுற்றித்தான் போயாக வேண்டும்.

சரியான நேரம் வேண்டுமா? விமானங்கள் பறப்பதைக் காட்டும் தளமான ஃப்ளைட்ரேடார்24-இல் விமான எண்ணைப் போடுங்கள். கடந்த ஏழு நாள் பறந்த விவரம் இலவசமாகவே கிடைக்கும். கால அட்டவணையை வைத்தும் கணக்கிடலாம், ஆனால் அதில் இரண்டு ஊர் நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி இருக்கும். உதாரணமாக, இங்கே காலை 5.30-க்குக் கிளம்பி அங்கே 11.00-க்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். கடிகார வித்தியாசம் ஐந்தரை மணி. அதோடு நேர வேறுபாட்டைக் கூட்ட வேண்டும்: குளிர்காலத்தில் ஐந்தரை, மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை. பலர் தடுமாறுவது இந்த ஒரு மணி நேரத்தில்தான். லண்டனிலிருந்து அடுத்த ரயிலுக்கு முன்பதிவு செய்கிறவர்கள் தேதியைப் பார்த்துவிட்டுக் கூட்டுங்கள்.