வெயிலுக்குத் தப்பும் கடலையா, தாங்கும் கடலையா?

வேலூர்ப் பக்கம் கொண்டைக்கடலை போட எந்த ரகம் நல்லது என்று கேட்டால், கொல்லை எப்போது காலியாகும் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். மானாவாரி மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, பிடுங்கிவிட்டு ஐப்பசிக் கடைசியில் விதைக்கிறவருக்கும், மழை விடாமல் மார்கழி வரை தள்ளிப்போனவருக்கும் ஒரே விதை ஒத்துவராது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்ட மாதிரி வருஷம் என்றால் தள்ளிப்போடாமல் வேறு வழியும் இல்லை. தண்ணீர் தேங்கினால் இந்தப் பயிர் அழுகிவிடும்.

ஐப்பசிக்கு யோசிக்க வேண்டாம், ஜேஜி 11. தென்மாநிலங்களுக்கு ஏற்றதென்று 1999இல் வெளியான, பழுப்புத் தோல் நாட்டுக் கடலை ரகம். நூறு நாளுக்குள் அறுவடை. மார்கழியில் பூத்து, தைப் பனியிலேயே காய் முற்றிவிடும். நம் செம்மண் கரிசல் மாதிரி ஈரம் பிடிக்காது, அதனால் பூக்கும்போது ஒரு தண்ணீர் விட்டால் நல்லது.

தாமதமானால்தான் சிக்கல். பூ மாசிக்குப் போகும், காய் பங்குனி வெயிலில் மாட்டும். 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் மலடாகிவிடும். செடியைப் பார்த்தால் பூ பூவாக இருக்கும், கிளையைத் திருப்பினால் காய் இருக்காது.

இதற்கு இரண்டு வழி. ஐசிசிவி 2 வெள்ளைக் கடலை, 85 நாளில் முடிந்து வெயிலுக்கு முன்னால் ஓடிவிடும். அவசரத்தில் செடி வளர நேரம் கிடைக்காது. வருஷம் எவ்வளவு நன்றாக அமைந்தாலும் விளைச்சலுக்கு ஒரு வரம்பு உண்டு. 2009இல் வந்த ஜேஜி 14 ஓடாது, தாங்கும். ஹைதராபாத் பக்கம் பட்டான்சேருவில் இருக்கும் இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் வெயில் தாங்கும் வகைகளைப் பொறுக்கும் விதம் எனக்குப் பிடிக்கும்: பருவத்தில் விதைப்பதோடு நிற்காமல் பிப்ரவரியிலும் விதைத்து, பூவை வேண்டுமென்றே வெயிலில் நிறுத்தி, அங்கேயும் காய் பிடிக்கிறதை எடுப்பார்கள். பருவத்தில் மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்த ரகத்தின் வண்டவாளம் பங்குனியில் தெரிந்துவிடும்.

தாமத விதைப்புக்கு என் ஓட்டு ஜேஜி 14க்கு. சுண்டலுக்கு வெள்ளைதான் வேண்டும் என்கிற வீட்டுக்காரர்கள் ஐசிசிவி 2வை ஒரு ஓரமாகப் போட்டுக்கொள்ளட்டும்.

ஒன்று மட்டும் கவனம். வெயிலோடு மண்ணும் காய்ந்தால் உலர் வேரழுகல் நோய் வரும். பூவுக்கு வெயில் தாங்குகிறது என்பதற்காக வேரும் தப்பிக்கும் என்று நம்பிவிடக் கூடாது. வைக்கோல் நிறத்தில் நிற்கும் செடியைப் பிடுங்கிப் பாருங்கள். பக்கவேர் இருக்காது, ஆணிவேர் கறுத்துப் படக்கென்று ஒடிந்து, நுனி மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும்.