பழைய மேசைக் கணினியின் சூட்டுக்கு ஆர்க்டிக் எம்எக்ஸ்-4: பயன்படுத்திப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

என் மேசைக் கணினியில் ஓடுவது 2011-இல் வெளிவந்த இன்டெல் கோர் ஐ5-2400 செயலி. எழுதுவதற்கும் கணக்கு வழக்குகளைப் பார்ப்பதற்கும் வீட்டுப் படங்களைச் சேமித்து வைப்பதற்கும் இன்றும் அதுவே போதும் என்பதால், அதைக் கழித்துக்கட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கடந்த சில மாதங்களாக, பத்து நிமிடம் காணொளி தொகுத்தாலே மின்விசிறி இரையத் தொடங்கும், வேகம் குறையும், சில வேளைகளில் கணினி தானாகவே அணைந்துவிடும். பழுது பார்க்கும் ஒருவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், மதர்போர்டை மாற்றியே ஆக வேண்டும் என்றார். அதற்கு ஒப்புக்கொள்வதற்கு முன் நானே ஒரு முறை சோதித்துப் பார்ப்பது நல்லது என்று முடிவு செய்து, செயலியின் சூட்டை வெளியே கடத்த உதவும் பசையான தெர்மல் பேஸ்ட்டில், ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 வகையின் 4 கிராம் குழல் ஒன்றை வாங்கினேன்.

செயலியின் உலோக மூடியும், அதன் மேல் அமர்ந்து சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகட்டுத் தொகுதியான ஹீட்சிங்க்கின் அடிப்பரப்பும் பார்வைக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும், இரண்டிலும் கண்ணுக்குப் புலப்படாத மேடுபள்ளங்கள் உண்டு. அவற்றில் தங்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது என்பதால், அந்த இடைவெளியை நிரப்பவே பேஸ்ட் தேவைப்படுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் பசைத்தன்மை வற்றி, அது இறுகிப்போகிறது. என் கணினியின் தலைமுறைச் செயலிகளில் சில்லும் மூடியும் ஈயப்பற்று போன்ற உலோக இணைப்பால் பிணைக்கப்பட்டிருப்பதால், வெளியே உள்ள பேஸ்ட்டை மாற்றினாலே முழுப் பலன் கிடைத்துவிடும். 2012-இல் வந்த அடுத்த தலைமுறையில் மூடிக்கு உள்ளேயும் பேஸ்ட்டே இருக்கிறது. அத்தகைய செயலி வைத்திருப்பவர்கள் இதே அளவு மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

எது எவ்வளவு உதவியது என்று தனித்தனியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் செயலியின் வெப்பத்தைக் காட்டும் கோர் டெம்ப் மென்பொருளைத் திறந்து வைத்து, பிரைம்95 என்ற சோதனை மென்பொருள் கொண்டு செயலிக்கு அரை மணி நேரம் முழுச் சுமை கொடுத்து அளந்தேன். எதையும் தொடாத நிலையில் வெப்பம் 97 டிகிரி செல்சியஸைத் தொட்டது. 3.1 கிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டிய செயலி, தன்னைக் காத்துக்கொள்ள 2 கிகாஹெர்ட்ஸுக்கும் கீழே இறங்கியது. மின்விசிறியைக் கழற்றியபோது, ஹீட்சிங்க் தகடுகளின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு தூசிப் படலம், துணியை வெட்டி ஒட்டியது போல முழு வட்டமாகப் படிந்திருந்தது. விரலால் ஓர் ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் அப்படியே ஒரே துண்டாக உரிந்து வந்தது. அதை நீக்கி, தகடுகளைத் தூரிகையால் துடைத்த பிறகு அளந்தால் 86 டிகிரி. அதன் பிறகு பழைய பேஸ்ட்டை நீக்கி எம்எக்ஸ்-4 இட்டபோது 72 டிகிரி. அறையின் வெப்பம் மூன்று முறையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. ஆகவே பேஸ்ட் மட்டும் தந்த பலன் 14 டிகிரி; செலவே இல்லாத தூசி நீக்கம் தந்தது 11 டிகிரி. வாங்க நினைப்பவர்கள் இரண்டாவது எண்ணையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்வேன்.

பழைய பேஸ்ட் சுண்ணாம்புக் காரை போல ஓரங்களில் உதிர்ந்தது. நடுவில் மட்டும் கெட்டியாகப் பிடித்திருந்தது. கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிய பின் ஹீட்சிங்க்கை இடமும் வலமுமாக மெல்லத் திருப்பினால் பிடி தளரும். நேராக மேலே இழுப்பது ஆபத்து. குறிப்பாக ஊசிகள் செயலியிலேயே அமைந்த பழைய ஏஎம்டி வகைகளில், செயலியும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடக்கூடும். இரு பரப்புகளையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, பஞ்சு உதிராத துணியால் துடைத்து, நடுவில் சிறு பட்டாணி அளவு பேஸ்ட் வைத்தேன். எம்எக்ஸ்-4 மிகவும் நீர்த்ததும் இல்லை, மிகவும் கெட்டியும் இல்லை. ஹீட்சிங்க் அழுந்தும்போது தானாகவே பரவிவிடுகிறது. முதன்முறை செய்பவருக்கு இதைவிட முக்கியமான குணம், அது மின்சாரத்தைக் கடத்தாது என்பதே. சற்றுக் கூடுதலாகி ஓரத்தில் வழிந்தாலும் துடைத்துவிட்டால் போதும், சுற்றியுள்ள சிறு பாகங்கள் குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்டுக் கெட்டுப்போகுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. திரவ உலோக வகைப் பேஸ்ட்டுகளைப் பழைய கணினிக்கு நான் பரிந்துரைக்காததற்குக் காரணமும் இதுதான்: அவை மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தையும் அரித்துவிடும்.

இவ்வளவு செய்தும், தானாக அணைவது மட்டும் நிற்கவில்லை. வெப்பம் 72 டிகிரிக்கு மேல் ஏறாதபோதும் முழுச் சுமையில் ஒரு முறை அணைந்தது. வெப்பம் காரணமில்லை என்பது அதனாலேயே உறுதியானது. பேஸ்ட் மாற்றாமல் இருந்திருந்தால் பழியை இன்னும் சூட்டின் மேலேயே போட்டுக்கொண்டிருப்பேன். பவர் சப்ளையின் காற்றுத் துளைகள் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தபோது, மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் பாகமான கெப்பாசிட்டர் ஒன்றின் தலை உப்பி, அதன் மேல் பழுப்பு நிறக் கசிவு தெரிந்தது. மின்பகுபொருள் நிறைந்த இவ்வகைக் கெப்பாசிட்டர்களின் ஆயுள், சுற்றியுள்ள வெப்பம் 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். அப்படிப் பார்த்தால், தூசி அடைத்த பெட்டிக்குள் பல ஆண்டுகள் வெந்ததுதான் அதையும் கெடுத்திருக்க வேண்டும். பவர் சப்ளையைத் திறந்து நீங்களே சரிசெய்ய முயல வேண்டாம்; மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். நான் முழுமையாகப் புதியதை மாற்றினேன். அத்துடன் அணைவது நின்றது. மதர்போர்டு அதே பழைய மதர்போர்டுதான். பெட்டி திறந்திருந்த வேளையில், தேதியை மறந்துகொண்டிருந்த மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரியையும் மாற்றிவிட்டேன்.

ஆகவே, தூசியை நீக்கிய பிறகும் சூடு குறையாத பழைய கணினிக்கு எம்எக்ஸ்-4 ஐயமின்றி வாங்கத்தக்கது. எட்டு ஆண்டுகள் வரை உழைக்கும் என்று தயாரிப்பாளர் சொல்வதை நான் சோதிக்க இன்னும் காலம் ஆகவில்லை. ஆறு மாதங்களுக்குப் பின் அளந்தபோதும் அதே 72 டிகிரிதான் காட்டியது. குழலில் பாதிக்கு மேல் மீதம் இருக்கிறது. அடுத்து, இதே வயதுள்ள கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றப் போகிறேன்.