கண்டியில் ஒரே நாள்: முதலில் மாளிகையா, பேராதனையா?

கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் நிறைய உண்டு. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது விமானத்தில் போய், ஹட்டன், நாவலப்பிட்டிப் பக்கம் தங்கிவிட்ட சொந்தங்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கல்யாணம், காதுகுத்து, துக்கம் விசாரிப்பு எல்லாம் போகக் கண்டிக்கு மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு நாள்தான். அந்த ஒரு நாளுக்கு வேன் டிரைவர் நீட்டும் பட்டியலோ நீளமானது: புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகை, பேராதனைத் தாவரவியல் பூங்கா, பின்னவலை யானைகள், ஹந்தானை தேயிலை அருங்காட்சியகம், ரத்தினக்கல் கடை, மூலிகைத் தோட்டம். கடைசி இரண்டும் எதற்காகப் பட்டியலில் இருக்கின்றன என்று விளக்க வேண்டியதில்லை.

நீலகிரியிலிருந்து போகிறவர்கள் இன்னும் இரண்டைத் தயங்காமல் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். பின்னவலை கண்டியிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மந்தை மந்தையாக யானைகள் ஆற்றில் இறங்குவது நல்ல காட்சிதான். ஆனால் தெப்பக்காடு யானை முகாமை வீட்டுக்கு அருகிலேயே வைத்திருப்பவர்கள், அதற்காகக் கண்டியில் கிடைத்த ஒரு நாளில் பாதியைச் சாலையில் விடுவது வீண். பார்த்தே ஆகவேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால் கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் நாளில் வழியில் பாருங்கள். கேகாலைப் பக்கம் கொஞ்சம் விலகினால் போதும். ஹந்தானை அருங்காட்சியகம் 1925இல் கட்டிய நான்கு மாடித் தொழிற்சாலை. இலங்கையில் தேயிலைத் தொழிலைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர் காலத்துப் பொருள்கள், பழைய ரோலர்கள், உலர்த்திகள் இருக்கின்றன. நம்மூர் ஃபாக்டரிகளில் பெரும்பாலும் இலையை நசுக்கித் தூளாக்கும் சிடிசி ஓடுவதால், இலையைச் சுருட்டும் பழைய ஆர்த்தடாக்ஸ் முறை இயந்திரங்களைப் பார்க்கத் தொழில் தெரிந்த பெரியவர் ஒருவர் ஆசைப்படலாம். மற்றவர்களுக்கு அது வீட்டு வாசலிலேயே இருக்கிற சமாச்சாரம். திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆக மிஞ்சுவது மாளிகையும் பேராதனையும். இரண்டையும் ஒரே நாளில் பார்க்க முடியும். எதை முதலில் வைப்பது என்பதில்தான் நாள் நன்றாகப் போவதும் கெட்டுப்போவதும் இருக்கிறது.

தலதா மாளிகையில் பூஜை மூன்று வேளை: காலை 5.30, காலை 9.30, மாலை 6.30. கீழ் மண்டபத்தில் முரசு தொடங்கும். கொஞ்ச நேரம் கழித்து மேல்மாடியில் உள்ளறை வாசல் திறக்கும். சாதாரண நாள்களில் புனிதப் பல்லைப் பார்க்க முடியாது. ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு பேழைகள். வெளியே இருக்கும் பொற்பேழையை, வரிசை நகர்கிற வேகத்தில், சில நொடிகள் பார்க்கலாம். பூஜை இல்லாத நேரத்தில் போனால் மூடிய கதவைத்தான் கும்பிட்டுவிட்டு வரவேண்டும். அவசரப் பயணிகள் பலருக்கு நேர்வது இதுதான். அதனால் பூஜை நேரத்தை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதை அதைச் சுற்றி அமைக்க வேண்டும்.

காலை 9.30 பூஜையைத் தேர்ந்தெடுத்தால் 8.30க்கே வாசலில் இருப்பது நல்லது. 1998 குண்டுவெடிப்புக்குப் பிறகு சோதனை கடுமை; ஆண், பெண் வரிசை தனித்தனி; செருப்பு விடும் இடம் தனி. முழங்காலும் தோளும் மூடிய உடை வேண்டும். அரை டிராயர் போட்ட அப்பாக்கள் வாசலிலேயே நிற்க வேண்டிவரும். வேட்டி, சேலை, சுடிதார் எதற்கும் தடையில்லை. புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுப்பது அங்கே பெரிய தவறு. பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருந்து, சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவர் கட்டணம் உண்டா என்று கவுண்டரில் கேளுங்கள். உடன் வரும் இலங்கைச் சொந்தங்களுக்கு டிக்கெட் தேவையில்லை.

இந்தத் திட்டத்தின் பெரிய லாபம் வரலாறு. பூஜை முடிந்ததும் வளாகத்திலேயே இருக்கும் பழைய அரண்மனைக் கட்டடங்களையும் அருங்காட்சியகங்களையும் பகல் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்க்கலாம். மரத்தூண்கள் நிற்கும் மகுல் மடுவ என்ற அரசவை மண்டபத்தில்தான் 1815 மார்ச் 2 அன்று கண்டி ராஜ்ஜியம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அப்போது அரியணையை இழந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் நாயக்கர் வம்சத்தவர். கண்ணுசாமி என்பது அவரது இயற்பெயர். வேலூர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு 1832இல் இறந்தார். வேலூரில் பாலாற்றங்கரையில் அவரது சமாதி இருக்கும் முத்து மண்டபத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த இடம் வேறு மாதிரி தெரியும். மாளிகையின் முன்னே இருக்கும் ஏரியும் எண்கோண மண்டபமும் அவர் காலத்தவை. எதிரிலேயே நாத தேவாலயம் என்ற கோயில், 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அடுத்து பத்தினி தேவாலயம். அந்தப் பத்தினி நம் கண்ணகிதான். சிங்களப் பெண்கள் நேர்ச்சையோடு நிற்கும் அந்தச் சின்னக் கோயிலை வேன் டிரைவர்கள் யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை.

குறை மதியத்தில் வருகிறது. சாப்பிட்டுவிட்டு ஒன்றரை மணிவாக்கில் பேராதனைக்குக் கிளம்பினால், பள்ளிகள் விடும் நேரத்தில் மாட்டிக்கொள்வீர்கள். கண்டி நிறைய பள்ளிக்கூடங்கள் உள்ள, குறுகிய சாலைகள் கொண்ட ஊர். 6 கிலோமீட்டர்தான் என்று நம்பிப் போனால் முக்கால் மணி நேரம் வேனுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டிவரும். போய்ச் சேரும்போது வெயில் உச்சியில் இருக்கும். கண்டி ஏறத்தாழ 500 மீட்டர் உயரம்தான்; ஊட்டிக் குளிருக்குப் பழகிய உடம்பு மேட்டுப்பாளையத்தில் இறங்கிய மாதிரி தவிக்கும். அக்டோபர், நவம்பர், ஏப்ரல் மாதங்களில் பிற்பகல் மழையும் சேர்ந்துகொள்ளும்.

தலைகீழாக வைத்தால் இந்தத் தொல்லைகள் பெரும்பாலும் இல்லை. பேராதனை 7.30க்குத் திறக்கும். ஊட்டி தாவரவியல் பூங்கா 55 ஏக்கர், முழுக்கச் சரிவு. மூட்டுவலிக்காரர்கள் கீழ்ப் புல்வெளியோடு நின்றுவிடுவார்கள். பேராதனை 147 ஏக்கர், பெரும்பாலும் சமதளம், மூன்று பக்கம் மகாவலி ஆறு. மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். 2,200 மீட்டர் உயரத்தில் வளராதவைதான் இங்கே பார்க்க வேண்டியவை: வாசலருகே ஏலம், கிராம்பு, ஜாதிக்காய் வளரும் வாசனைப் பயிர்ப் பகுதி, ஆர்க்கிட் கூடம், உலகிலேயே பெரிய விதை காய்க்கும் கடல் தேங்காய் மரங்கள், ஆற்றோரம் ராட்சத மூங்கில், நடுப் புல்வெளியில் குடையாக விரிந்த ஜாவா அத்தி, 1950இல் நட்ட ராயல் பாம் சாலை. மரக்கிளைகளில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டம் கூட்டமாகத் தொங்கும். பிள்ளைகளுக்கு அதுவே போதும். ரோஜா, டாலியா பார்க்க இங்கே வராதீர்கள், அதில் ஊட்டியே மேல். நொறுக்குத்தீனிப் பையைத் திறந்து வைத்தால் குரங்கு வரும்.

பதினொரு மணிக்குள் நகருக்குத் திரும்பிவிடலாம். சாப்பாடு, தூக்கம், மாலையில் ஏரிக்கரை நடை, 5 மணிக்கு ஒரு மணி நேரக் கண்டி நடன நிகழ்ச்சி (கடைசியில் தீமிதி உண்டு), அங்கிருந்து நேரே 6.30 பூஜை. கைக்குழந்தையும் பாட்டியும் உள்ள குடும்பத்துக்கு இந்த வரிசையே சரி. ஆனால் அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் அதற்குள் மூடிவிடும். பூஜைக் கூட்டமும் அதிகம். இரவே ஹட்டன் திரும்பவேண்டும் என்றால் இந்தத் திட்டம் கூடாது. இருட்டில், பனிமூட்டத்தில், வளைவுச் சாலையில் போவதைவிட முதல் திட்டத்தை எடுத்துக்கொண்டு, பேராதனையை ஒன்றரை மணி நேரமாகச் சுருக்குங்கள். ஹட்டன் சாலையே அந்தப் பக்கம்தான்.

கண்டியிலேயே தங்குகிறவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: விடியற்காலை 5.30 பூஜை, பிறகு பேராதனை, மதியத்துக்கு மேல் மறுபடி அரண்மனைப் பக்கம். இதுதான் சிறந்தது, எழுந்திருக்கத்தான் ஆள் வேண்டும்.

எந்தத் திட்டமானாலும் போயா எனப்படும் பௌர்ணமி நாளைத் தவிர்த்துவிடுங்கள். மாளிகையில் வெள்ளுடை பக்தர் கூட்டம் நிரம்பி வழியும். ஜூலை, ஆகஸ்ட் மாத எசல பெரஹெரா ஊர்வலத் திருவிழா சமயத்தில் அறை கிடைப்பதே கஷ்டம். சைவம் சாப்பிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தேங்காய்ச் சம்பல் பார்க்க நம் துவையல் போலவே இருக்கும்; அதில் மாசிக் கருவாடு சேர்ப்பது வழக்கம். “மாசி போடாததா?” என்று தமிழிலேயே கேட்கலாம், கடைகளில் புரிந்துகொள்கிறவர்கள் இருப்பார்கள்.